பல்லு முந்தி மாதிரி ஒக்காருதா?

குளவிக் கூடு கலைந்தால் கூடையைப் போட்டுவிட்டு எல்லோரும் பள்ளத்தை நோக்கித்தான் ஓடுவார்கள். கானில் கால் இடறி, தாவாக்கட்டை கல்லில் அடிபட விழுந்த தொழிலாளி தோட்ட டிஸ்பென்சரிக்கு வரும்போது நாம் மூச்சையும் நாடித்துடிப்பையும் கொட்டிய வீக்கத்தையும் முதலில் பார்க்கிறோம். அது சரியான வரிசைதான். ஆனால் அதன் பிறகு தாவாக்கட்டைக் கிழிசலுக்கு நாலு தையல் போட்டு லயத்துக்கு அனுப்பிவிடுகிறோமே, அங்கேதான் தாடை முறிவு தவறிப்போகிறது. முகமெல்லாம் வீங்கிக் கிடக்கையில் தாடை வீக்கம் தனியாகத் தெரியாது. கேட்க வேண்டும்: "பல்லு முந்தி மாதிரி ஒக்காருதாம்மா?"

கீழ்த்தாடை லாடம் போல் வளைந்து, இரு முனையிலும் உள்ள குமிழ்களால் மண்டையோட்டோடு மூட்டுப் போட்டு நிற்கிறது. முன்னால் வாங்கிய அடி காதடியில் உடைக்கும். அதனால் காதுக்கு முன் விரல் வைத்து, வாயைத் திறந்து மூடச் சொல்லிப் பாருங்கள்; தாடை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கக் குமிழைச் சந்தேகியுங்கள். நாக்கின் அடியில் இரத்தம் கட்டியிருந்தால் முறிவு இல்லையென்று உறுதியாகும்வரை அது முறிவுதான். கீழுதடு மரத்திருந்தால் எலும்புக்குள் ஓடும் நரம்பும் அடிபட்டிருக்கிறது. எக்ஸ்-ரே இல்லாத இடத்தில் நாக்கை அழுத்தும் மரத்தட்டை போதும்: கடைவாயில் கடிக்கக் கொடுத்துத் திருகுங்கள். அது முறியும்வரை வலியின்றிக் கடித்திருந்தால் தாடை உடைந்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. எக்ஸ்-ரே எடுக்கையில் தாடை முழுவதையும் விரித்துக் காட்டும் ஓ.பி.ஜி. மட்டும் போதாது, முன்பக்கப் படமும் வேண்டும்.

வெற்றிலை பாக்கு நம் மலையில் கணக்கைக் குழப்பும். பல வருடம் மென்ற வாய் இறுகி, ஏற்கனவே இரண்டு விரல் அளவுக்குத்தான் திறந்திருக்கலாம். விழுவதற்கு முன் ரொட்டியை எப்படிச் சாப்பிட்டார் என்று கேட்டு எழுதுங்கள். மயக்க மருந்து கொடுப்பவருக்கு அந்த ஒரு வரி மிகப் பெரிய உதவி. அற்ப அடிக்கு முறிந்த தாடையில் புற்றையும் தேடுங்கள்.

நான் அதிகம் அஞ்சுவது வீதிக்குத்தான். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வளைவுகள் வழியே கண்டிக்கோ பேராதனைக்கோ இறங்குகையில் நல்ல உடம்புள்ளவரே வாந்தி எடுக்கிறார். இரு தாடையையும் கம்பியால் பூட்டி, இறுகக் கட்டுப் போட்டு, மல்லாக்கப் படுக்கவைத்து அனுப்புவது ஆபத்து. முன்தாடை இருபுறமும் உடைந்திருந்தால் நாக்குக்குப் பிடிமானம் போய்விடும். அது பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். கழுத்தில் காயமில்லையென்று உறுதியானால் உட்காரவைத்து முன்னால் சாயவிடுங்கள். கழுத்தைச் சந்தேகித்தால் அதை அசையாமல் பிடித்தபடி ஒருக்களித்துக் கொண்டுபோங்கள். உறிஞ்சு குழாய் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முறிவின் இருபுறமும் உள்ள பற்களை ஒரு கம்பியால் முறுக்கிச் சேர்த்தாலே வலியும் இரத்தமும் அடங்கும்.

பல் உள்ள பகுதியில் விழும் முறிவு வாய்க்குள் திறந்த முறிவுதான்; அன்டிபயோட்டிக்கும் ஏற்புத் தடுப்பூசி விபரமும் பயணத்துக்கு முன்பே. தாடைகளைப் பூட்டிவைத்தால் பெரியவர்களுக்கு நாலிலிருந்து ஆறு வாரம் கஞ்சிதான். 1970களில் அறுவை மருத்துவர்கள் மிஷெலேயும் ஷாம்பியும் நிலைநாட்டிய, எலும்பில் திருகும் சிறு தகடுகள் சில நாளிலேயே மென்மையான சாப்பாட்டுக்கு வழிவிடுகின்றன. வேலைக்குப் பேர் விழாத ஒவ்வொரு நாளும் சம்பளத்தில் குறையும் குடும்பத்துக்குத் தகடு சொகுசு அல்ல. தெரிவு செய்யும்போது கிளினிக்குக்கு வரும் பஸ் செலவையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பது என் கருத்து. பிள்ளைகளின் குமிழ் முறிவில் மட்டும் நீண்ட பூட்டு வேண்டாம். மூட்டு ஒட்டிப்போனால் வாய் திறக்காது, தாடையும் வளராது.

இன்னொன்று. "வழுக்கி விழுந்துட்டேன்" என்கிற பெண்ணின் இரு கைகளிலும் சிராய்ப்பே இல்லையென்றால், கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லி, தமிழில், மெதுவாக மறுபடி கேளுங்கள். எலும்பு முறிவு நமது தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவில் கடுங்காயம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அவர் நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்கலாம். சொல்ல மறுத்தாலும் கண்டதைக் கண்டபடி எழுதிவையுங்கள். தையல் வெட்ட வரும் நாளில் மறுபடியும் கேளுங்கள்.