பின் சீட்டிலிருந்து ஓர் ஆட்சேபணை

"ஒன்பதரை மணி நேரம். ஒரே ஒரு ஸ்டாப்." கன்னியாகுமரியில் காரை விட்டு இறங்கியதும் என் மகன் சொன்னது இதுதான். கடலைக்கூட அதற்குப் பிறகுதான் பார்த்தான்.

புதுச்சேரியிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர். அதிகாலை 2 மணிக்குக் கிளம்பினோம். உளுந்தூர்பேட்டை, திருச்சி, மதுரை எல்லாம் வந்துபோனதைப் பச்சைப் பலகைகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். விடிகிற நேரம், விராலிமலையில் மயில் பார்க்கலாமே என்றேன். "திரும்பி வரும்போது பார்க்கலாம்ப்பா" என்றான். திரும்பி வந்தது ராத்திரியில்.

அதுகூடப் போகட்டும். கோவில்பட்டிக்கு முன்னால் ஒரு கணம் அவன் தலை தொங்கியது. வண்டி வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஓரத்துக்குப் போய், மறுபடி நேரானது. மருமகளும் பேத்தியும் நல்ல தூக்கம். பார்த்தவன் நான் ஒருவன்தான். நான் வாயைத் திறக்கவில்லை. சிறுநீர் கழிக்க நிறுத்தச் சொன்னதற்கே அவன் முகம் சுளித்திருந்தான்.

வாழ்நாளெல்லாம் கோப்பு பார்த்தவன், அதனால் சட்டத்தைச் சொல்கிறேன். 2025 வரை நடப்பில் இருந்த 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி, டிரைவரிடம் சாதாரணமாக ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று இருந்தது. 5 மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்றும் இருந்தது. (எத்தனை லாரிக்காரருக்கு அது கிடைத்தது என்பது வேறு கதை.) கூலிக்கு ஓட்டுபவனுக்கு அந்தச் சட்டம் தந்த காப்பு, குஷிக்கு ஓட்டுபவனுக்கு இல்லை. அவனுக்கு முதலாளியும் அவனே, மாட்டிக்கொண்ட தொழிலாளியும் அவனே.

நான் பிரெஞ்சில் படித்தவன், அங்கிருந்தும் ஒன்று. மிஷ்லின் கம்பெனி 1900-ல் கார் வைத்திருப்பவர்களுக்காக ஒரு கையேடு போட்டது. டயர் விற்கிற கம்பெனி. வண்டி ஓட ஓட லாபம். அந்தக் கையேட்டில்கூட ஓர் உணவகத்துக்கு இரண்டு நட்சத்திரம் என்றால், வழி விலகிப் போய்ச் சாப்பிடலாம் என்று அர்த்தம். நம் பிள்ளைகளுக்கோ வழி விலகினால் நேர நஷ்டம்!

என் வயதுக்காரர்களே, பின் சீட்டில் நாம் காக்கிற மௌனம் பெருந்தன்மை இல்லை, பயம். ஐந்து மணி நேரம் ஆனால் நிறுத்தச் சொல்லுங்கள். கேட்கவில்லையா, மூத்திரம் முட்டுகிறது என்று பொய்யாவது சொல்லுங்கள். நம் வயதில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அடுத்து கோவா என்று வீட்டில் பேச்சு அடிபடுகிறது. தும்கூரில் ஒரு ராத்திரி தங்கினால்தான் நான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். மகன் இன்னும் பதில் சொல்லவில்லை.