ஹில்மாவுக்கு மட்டும் ஏன் ஆவி?

2012 டிசம்பரில் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம், அரூப ஓவியம் பிறந்த கதையைச் சொல்லும் பெரிய கண்காட்சி ஒன்றைத் திறந்தது. ஹில்மா ஆஃப் கிளிண்ட் அதில் இல்லை. ஸ்வீடனில் 1906லேயே அரூபமாக வரையத் தொடங்கியவர்.

அவரை ஒதுக்குபவர்கள் வழக்கமாகச் சொல்வது: ஆவிகள் கட்டளையிட்டு வரைந்தார், அது எப்படிக் கலையாகும்?

சரி, அதே தராசில் மற்றவர்களையும் நிறுப்போமே. காண்டின்ஸ்கி 1911 கடைசியில் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பிலேயே ஆன்மிகம் இருக்கிறது. உள்ளே பிளாவட்ஸ்கி அம்மையார் மரியாதையோடு வருகிறார். மோந்திரியான் 1909ல் பிரம்மஞான சபையில் உறுப்பினராகவே சேர்ந்துவிட்டார். அவருடைய 'பரிணாமம்' ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். மூன்று பெண்கள், நடுவில் இருப்பவளுக்கு மட்டும் கண் அகலத் திறந்திருக்கிறது. ஞானதிருஷ்டியாம்! சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்களுக்கு அவர் அந்த வழியாகத்தான் நடந்து வந்தார்.

இதே சபையின் தலைமையகம் 1882லிருந்து நம்ம அடையாறில்தான் இருக்கிறது. அன்னி பெசண்டும் லெட்பீட்டரும் எழுதிய 'எண்ண வடிவங்கள்' நூலில் மன உணர்ச்சிகளுக்கெல்லாம் நிறமும் உருவமும் கொடுத்துப் படம் போட்டிருக்கிறார்கள். பக்தி நீலம், கோபம் சிவப்பு. (கோபம் சிவப்புன்னு சொல்ல ஞானதிருஷ்டி வேற வேணுமா!) ஆனால் மரம், மனிதன் எதுவும் இல்லாமல் வெறும் நிறமும் வடிவமும் மனதைச் சொல்லும் என்ற துணிச்சல் அதில் இருந்தது. ஓவியர்களுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

ஆக, ஆண்கள் நம்பினால் தத்துவத் தேடல், ஹில்மா நம்பினால் பேய் பிடித்தது. இதை எப்படி ஒப்புக்கொள்வது?

எனக்கு ஆவியில் துளியும் நம்பிக்கை இல்லை. இல்லாததால்தான் சொல்கிறேன், அந்தப் படங்களை வரைந்தது ஹில்மா. ஸ்டாக்ஹோம் ராயல் அகாடமியில் ஐந்து வருடம் பயின்ற கை அது. 1907ல் செய்த 'பத்து பெரிய ஓவியங்கள்' ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம். 'கோயிலுக்கான ஓவியங்கள்' வரிசை மொத்தம் 193. ஆவியா வந்து சாயம் கலக்கிக் கொடுத்துச்சு?

நம்பிக்கையைத் துடைத்தெடுக்கும் வேலை பழசு. 1936ல் ஆல்ஃபிரட் பார் அரூபக் கலைக்கு ஒரு வம்சாவளிப் படம் போட்டார். க்யூபிசம் உண்டு, இயந்திர அழகியல் உண்டு, ஜப்பானிய அச்சோவியம்கூட உண்டு. பிரம்மஞானத்துக்கு ஓர் அம்புக்குறிகூட இல்லை. அவர் இருந்ததும் அதே நியூயார்க் அருங்காட்சியகத்தில்தான்.