வசனம் இல்லாத நாடகம்

'வயசுக்கு வந்த பொண்ணு தரையில உருண்டு பொரள்றதுக்கு ஒரு வகுப்பாம்மா?' என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. எங்கள் திருவொற்றியூரில் பல தாய்மார்கள் இப்படித்தான் பெண்ணை நாடக வகுப்பிலிருந்து நிறுத்திவிடுகிறார்கள்.

என் மகள் வகுப்பில் வசனமே கிடையாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்களே, அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஓர் அசைவு: ஈரத்துணியால் முகத்தை மூடுவது, தூங்கும் தம்பியைத் தூக்குவது, ஆயாவைத் தாங்கிப் பிடிப்பது. அதில் நாலைந்தைப் பொறுக்கிக் கோத்து, முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, சட்டென்று எல்லோரும் சிலையாக. செட்டு, லைட்டு எதுவும் இல்லை. 1980-ல் வங்காளத்து பாதல் சர்க்கார் சோழமண்டலத்துக்கு வந்து நம் நாடகக்காரர்களுக்குக் கற்றுத் தந்ததும் உடம்பையே நம்பும் நாடகம்தான்.

அந்த ராத்திரி பயத்தை இந்தப் பிள்ளைகள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இங்கே கையும் காலும் சொல்லிவிடுகிறது. ஆண்டு விழாவில் சினிமா பாட்டுக்கு ஆடினால் கைதட்டுகிறோம், இதற்கு மட்டும் கூச்சமா? சுடிதார் போட்டு, துப்பட்டாவை இறுக்கிக் கட்டி அனுப்புங்கள். சந்தேகமிருந்தால் ஒருநாள் நாமும் கூடப் போய் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமே!

- ஒரு வாசகி, திருவொற்றியூர்.