தன்மானம் வேறு, பிள்ளையின் பங்கு வேறு!

"நான்தான் சம்பாதிக்கிறேனே... அந்த மனுஷன் காசு எனக்கு எதுக்கு?"

கணவரைப் பிரிந்து, பிள்ளையோடு தனியாக நிற்கும் சகோதரிகள் பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். அப்புறம்? ஸ்கூல் ஃபீஸ் கட்டுவதற்காகத் தன் காலைச் சாப்பாட்டையும் மாத்திரையையும் குறைத்துக்கொள்கிறார்கள். ரத்தசோகையும் தலைசுற்றலும்தான் மிச்சம்!

கொஞ்சம் யோசியுங்கள். உங்களுக்கு ஜீவனாம்சம் வேண்டாமா? சரி, விடுங்கள். ஆனால் பராமரிப்புத் தொகை பிள்ளையின் உரிமை. அதை வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? அம்மா வேலைக்குப் போவதால் அப்பாவின் பொறுப்பு தீர்ந்துவிடாது.

தள்ளிப் போடாதீர்கள். மனு கொடுத்த தேதியிலிருந்து தொகையைக் கணக்கிட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2020-ல் சொல்லியிருக்கிறது. தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்குத்தான் நஷ்டம். இரண்டு பேருமே வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். அதனால் சம்பளச் சீட்டு, ஃபீஸ் ரசீது, மருந்து பில் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

வக்கீல் செலவை நினைத்துப் பயமா? மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். சம்பளம் எவ்வளவானாலும் பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம்.

நீங்கள் கேட்பது பிச்சை இல்லை அம்மா! முதலில் வயிறாரச் சாப்பிடுங்கள். தெம்பாகப் போய்க் கேளுங்கள்.