பகுதிநேர உழைப்பும் முதுமைக்காலச் சேமிப்பும்
மலேசியாவில் தனியார் துறை ஊழியருக்கு அரசு ஓய்வூதியம் கிடையாது. 1951 முதல் இயங்கும் ஊழியர் சேமநிதியே முதுமைக்குத் துணை. பகுதிநேர ஊழியருக்கும் முதலாளி சந்தா கட்டியாக வேண்டும். ஆனால், சந்தா சம்பளத்தைப் பொறுத்தது: 5,000 ரிங்கிட் வரை ஊழியர் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13. ஜொகூர் பாரு உணவகமொன்றில் பகுதிநேரமாக 600 ரிங்கிட் ஈட்டும் பெண்ணின் கணக்கில் மாதம் 144 ரிங்கிட்தான் சேரும். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் பெறுபவருக்கு 408 ரிங்கிட் சேரும். பிள்ளை வளர்க்க வேலையை விட்டால் அந்தச் சிறுதொகையும் நின்றுவிடும். சுயதொழில் செய்வோர் சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தில் தாமாகச் சேமித்தால், அரசு ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை ஊக்கத்தொகை தருகிறது. சொற்பச் சம்பளம் பெறும் பகுதிநேர ஊழியருக்கும் இத்தகைய அரசுப் பங்கு கிடைப்பதே நியாயம்.