சிமெண்ட் பலகைக்குப் பின்னால்

வட கரோலினாவின் கேரி, மோரிஸ்வில் பக்கம் 1990களில் கட்டிய வீடுகளை வாங்கிக் குடியிருக்கும் நம்மவர்கள் சந்தித்துக்கொண்டால் இப்போது பேச்சு சீக்கிரமே சைடிங்கில் போய் நிற்கிறது. இங்கே வீடுகளின் வெளிச்சுவரை மூடியிருக்கும் பலகை வரிசைதான் சைடிங். அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் அது ஹார்டுபோர்டு, அதாவது மரநாரைப் பிசின் சேர்த்து அழுத்திச் செய்த பலகை. பெயின்ட் விட்டுப்போன இடத்தில் தண்ணீரைக் குடிக்கும். கீழ்விளிம்பு ஊதும். பிறகு இற்றுப்போகும். இதற்காகவே மேசனைட் நிறுவனத்தின் மேல் பெரிய கூட்டு வழக்கு நடந்து, 1990களின் பிற்பகுதியில் நிறுவனம் சமரசம் செய்து இழப்பீடு கொடுத்தது. மனுப் போடும் கெடு முடிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இன்று அந்த வீடுகளை வைத்திருப்பவர்கள் தங்கள் கையிலிருந்துதான் செலவழித்தாக வேண்டும்.

அப்படி ஒரு வீட்டுக்காரர் என் நண்பர், என்னைவிட இளையவர். "அண்ணா, ஃபைபர் சிமெண்ட் போட்டுடலாம்னு இருக்கேன். அவ்ளோ காசு குடுக்கலாமா, நீங்க ஒரு தடவ வந்து பாத்துச் சொல்லுங்க" என்றார். போனேன். மேற்குப் பக்கச் சாப்பாட்டு அறை ஜன்னலுக்குக் கீழே, பலகையின் விளிம்பில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். அரை அங்குலம் தடையே இல்லாமல் உள்ளே போனது. வெளியே எடுத்தபோது நுனியில் ஈரமான பழுப்புத் தூள். மேலே பெயின்ட் மட்டும் புதிதாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. விற்பதற்கு முன் பழைய உரிமையாளர் அடித்துக் கொடுத்தது.

அவர் வீட்டைப் பொறுத்தவரை என் பதில் அங்கேயே முடிவாகிவிட்டது. அந்தப் பலகையைக் கழற்றித்தான் ஆக வேண்டும், கழற்றிய இடத்தில், சிமெண்டும் நாரும் சேர்த்துச் செய்த ஃபைபர் சிமெண்ட் பலகை நல்ல தேர்வு. ஆனால் அவர் அதை விரும்பியதற்குச் சொன்ன காரணம்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. "சிமெண்ட் அண்ணா. ஒரு தடவ போட்டா நம்ம காலம் வரைக்கும் திரும்பிப் பாக்க வேணாம்."

செங்கல் சுவரில் ஆணி அடிக்க முடியாமல் வளைந்துபோவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தட்டினால் பொள்ளலாகச் சத்தம் கேட்கும் இந்த ஊர் மரவீடுகள் எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் நமக்கு முழு நம்பிக்கை தருவதில்லை. சிமெண்ட் என்றதும் மனசு ஆறுதல் கொள்கிறது. எனக்கும் அந்த ஆறுதல் புரிகிறது. ஆனால் இந்தப் பலகையின் தடிமன் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு, கிட்டத்தட்ட எட்டு மில்லிமீட்டர். அது வீட்டைத் தாங்குவதில்லை. அதற்குப் பின்னால் ஈரத்தைத் தடுக்கும் மெல்லிய ஹவுஸ் ராப் உறை, அதற்குப் பின்னால் மரச்சில்லுகளை ஒட்டிச் செய்த ஓ.எஸ்.பி. பலகை, அதற்கும் பின்னால் மரச்சட்டங்கள். சைடிங்கை மாற்றிய பிறகும் அது மரவீடுதான். அந்த மரம் நனையாமல் இருக்கிறதா என்பதுதான் முழுக் கேள்வியும்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது நாமக்கல்லிலிருந்து வந்திருந்த நண்பரின் அம்மா மாதிரிப் பலகையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏந்தம்பி, நம்மூர்ல கோழிப்பண்ணைக்குப் போடற ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு மாதிரித்தானே இருக்குது? அதையா ஊட்டுச் செவுத்துல அடிக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

கான்ட்ராக்டர்கள் யாரும் பேசாத விஷயத்தை அவர் நேராகத் தொட்டுவிட்டார். இரண்டும் ஒரே வம்சம். ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்ஷெக் 1901இல் காப்புரிமை பெற்ற முறைப்படிதான், ஆஸ்பெஸ்டாஸ் நாரையும் சிமெண்டையும் தண்ணீரில் கரைத்து, படலம் படலமாக எடுத்து அடுக்கித் தகடு செய்தார்கள். அந்தத் தகட்டுக்கு ஹாட்ஷெக் எடர்னிட் என்று பெயர் வைத்தார். இன்று அமெரிக்காவில் ஃபைபர் சிமெண்ட் என்றாலே நினைவுக்கு வரும் ஜேம்ஸ் ஹார்டி நிறுவனம் ஆஸ்திரேலியாவில் பல பத்தாண்டுகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் தகடுதான் செய்து விற்றது. அங்கே வேலை பார்த்தவர்களும், அந்தத் தகட்டை அறுத்த தச்சர்களும் நுரையீரல் நோயில் விழுந்தார்கள். 2001இல் நிறுவனம் தன் தலைமையகத்தை நெதர்லாந்துக்கு மாற்றிக்கொண்டபோது, பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒதுக்கிவிட்டுப் போன நிதி போதாது என்று பின்னால் தெரியவந்தது. ஆக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டே நியாயம் கேட்டுப் போராடிய முன்னாள் தொழிலாளி பெர்னி பேன்டன் 2007 நவம்பரில் இறந்தார். அந்தப் போராட்டத்தின் பலனாகத்தான் இழப்பீட்டு நிதி மறுபடி உறுதியானது.

1980களில் ஆஸ்பெஸ்டாஸுக்குப் பதில் மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸ் நாரைப் போட்டு அதே தகட்டைச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். சிமெண்ட், மணல், மரநார், தண்ணீர். அதிக அழுத்தத்தில் நீராவியில் வேகவைத்து இறுக வைக்கிறார்கள். ஆகவே இன்று வாங்கும் பலகையில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை. அம்மாவிடம் அதைச் சொன்னேன். நாமக்கல் கூரைகளைப் பற்றி அவர் திருப்பிக் கேட்டபோதுதான் சங்கடமாக இருந்தது. அமெரிக்கா 2024 மார்ச்சில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை ஆணை போட்டது. இந்தியா இன்னும் அதை இறக்குமதி செய்து கூரைத் தகடு செய்துகொண்டிருக்கிறது. இங்கேயும் 1950களின் வீடுகளில் சுவரில் சிமெண்ட் ஓடுகள் பதித்திருந்தால் அவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். பரிசோதிக்காமல் உடைக்கக் கூடாது.

இனி காசுக்கு வருவோம். கட்டுமானத் துறையில் ஆண்டுதோறும் வெளியாகும் செலவு, மதிப்பு அறிக்கையில், 2024இல் 1,250 சதுர அடிச் சுவருக்கு ஃபைபர் சிமெண்ட் போட அமெரிக்கச் சராசரி 20,619 டாலர். பிளாஸ்டிக் வகையான வினைல் போட 17,410. விற்கும்போது முன்னதில் 88 சதவீதமும் பின்னதில் 80 சதவீதமும் வீட்டு விலையில் திரும்பக் கிடைக்கும் என்பது அந்த அறிக்கையின் மதிப்பீடு. இரண்டு மாடி வீடென்றால் சுவரின் பரப்பு இதைப்போல இரண்டு மடங்கைச் சாதாரணமாகத் தொடும், செலவும் அப்படியே ஏறும். இந்தச் சதவீதத்தைக் காட்டி "லாபம்" என்று சொல்லும் விற்பனையாளரிடம் நிதானமாக இருக்க வேண்டும். 88 சதவீதம் திரும்பக் கிடைப்பது லாபமல்ல. நன்றாக இருக்கும் சுவரைக் கழற்றிவிட்டு அந்தக் கணக்குக்காக மட்டும் இதைப் போடுவது வீண் செலவு.

வினைல் போட்ட நண்பர்கள் சிலர், ஏதோ மட்டமான பொருளை வைத்திருப்பதைப்போலக் கூச்சப்படுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. ஒழுங்காகப் போட்ட வினைலுக்குப் பின்னால் தண்ணீர் தடையில்லாமல் வடியும், பெயின்ட் அடிக்கும் வேலையும் இல்லை. அதன் பலவீனங்கள் வேறு. கடுங்குளிரில் பந்து பட்டால் விரிசல் விடும். பக்கத்து வீட்டு நவீன லோ-ஈ கண்ணாடி ஜன்னலில் பட்டுத் திரும்பும் வெயில் ஒரே இடத்தில் குவிந்தால் உருகி நெளியும். இவை நேராத வரை அதை விட்டுவைத்து, அந்தப் பணத்தில் பரண் இன்சுலேஷனைச் சரிசெய்தால் மின்கட்டணமாவது குறையும். ஃபைபர் சிமெண்ட் மின்கட்டணத்தைக் குறைக்காது. வெப்பத்தைத் தடுக்கும் சக்தி அதற்குக் கிட்டத்தட்ட இல்லை.

அது உண்மையாகத் தருவது வேறு சில. தீப்பிடிக்காது. கரையான் தின்னாது. வெயிலில் நெளியாது. ஆலையிலேயே வண்ணம் ஏற்றிய பலகைக்கு வண்ணத்துக்கு 15 ஆண்டு, பலகைக்கு 30 ஆண்டு உத்தரவாதம் ஜேம்ஸ் ஹார்டி தருகிறது. வண்ணத்தின் கெடுவையும் பலகையின் கெடுவையும் சேர்த்துப் பாருங்கள். பலகையின் ஆயுளுக்குள்ளேயே ஒரு முறையாவது பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும், இணைப்புகளில் பூசும் கால்க் அதற்கும் முன்பே வெடிக்கும். திரும்பிப் பார்க்க வேண்டாம் என்ற நினைப்பு இந்த இடத்தில் நிற்காது. கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ வரும் பகுதியில் இருப்பவர்களுக்குத் தீப்பிடிக்காத குணம் ஒன்றே போதுமான காரணம். அங்கேயும் காற்றில் பறந்துவரும் தீக்கங்கு பரண் காற்றுத்துளை வழியாக உள்ளே போவதை இந்தப் பலகை தடுக்காது. அந்தத் துளைக்கு நுண்வலை போட்டாக வேண்டும்.

எங்கள் ஊரில் எதிரி மழை. ராலி, கேரி பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 45 அங்குலம் பெய்கிறது. இந்த மாநிலத்துக்கு இதில் ஒரு கசப்பான பாடமும் உண்டு. 1990களின் நடுவில் வில்மிங்டன் கடற்கரைப் பக்கத்தில், செயற்கை ஸ்டக்கோ பூசிய புதுப் புது வீடுகளின் சுவர்களைத் திறந்து பார்த்தபோது உள்மரம் அழுகிக் கிடந்தது. பூச்சில் குறை இல்லை. ஜன்னல் ஓரத்தில் புகுந்த தண்ணீருக்கு வெளியே வர வழி வைக்கவில்லை. தண்ணீர் உள்ளே போகாது என்று நம்பிக் கட்டும் சுவரைவிட, போகும் என்று ஒப்புக்கொண்டு வெளியே வர வழிவைத்த சுவர்தான் நீடிக்கும். இதை ஊரில் ஓடு வேய்கிறவர்கள் படிக்காமலே அறிவார்கள்; மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் ஏறி உட்கார வேண்டும், எங்கேயும் மாறி இருக்கக் கூடாது. ஹவுஸ் ராப், ஜன்னல் தலைமேல் வைக்கும் ஃபிளாஷிங் தகடு, பலகை எல்லாமே அந்த ஒழுங்கில்தான் ஏற வேண்டும்.

நண்பரின் தெருவிலேயே புதிதாக ஃபைபர் சிமெண்ட் போட்ட ஒரு வீடு இருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் அழகு. முன்வாசல் சின்னக் கூரை சுவரில் வந்து சேரும் இடத்தில் நண்பரை நிறுத்திக் காட்டினேன். பலகையின் அடி கூரை ஓட்டின்மேல் ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அங்கே இரண்டு அங்குலம் இடைவெளி விட வேண்டும் என்பது தயாரிப்பாளரின் விதி. கூரையிலிருந்து வழியும் தண்ணீரைச் சுவரிலிருந்து விலக்கிக் கட்டருக்குள் தள்ளும் கிக்-அவுட் தகடும் இல்லை. மூலையில் பலகையின் அடி ஏற்கெனவே கறுத்திருக்கிறது. கீழே பூச்செடிக்குப் போட்ட மரத்தூள் பலகையை முட்டுகிறது. தரைக்கும் பலகைக்கும் ஆறு அங்குலம் இருக்க வேண்டும். சிமெண்ட் கலந்த பலகைதான், ஆனால் அதுவும் வெட்டிய விளிம்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும், ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் நின்றால் படலம் படலமாகப் பிரியும். தயாரிப்பாளர் சொன்னபடி பொருத்தாவிட்டால் அந்த 30 ஆண்டு உத்தரவாதமும் கைக்கு எட்டாமல் போகலாம். அந்த வீட்டுக்காரர் விலை உயர்ந்த பலகைக்குக் காசு கொடுத்திருக்கிறார், சில டாலர் மதிப்புள்ள தகட்டுத் துண்டு ஒன்று இல்லாமல் அதன் பயனை இழந்துகொண்டிருக்கிறார்.

ஆகவே பலகையின் விலையில் பேரம் பேசிக் குறைத்ததைப் பெருமையாகச் சொல்பவர்களிடம் நான் கேட்பது, யார் பொருத்துகிறார்கள் என்பதைத்தான். பெரும்பாலும் கான்ட்ராக்டர் கையெழுத்து வாங்குவார், வேலையைச் செய்பவர்கள் துணை ஒப்பந்தக் குழு. எங்கள் பகுதியில் மெக்சிகோவிலிருந்தும் ஹோண்டுராஸிலிருந்தும் வந்த இளைஞர்கள்தான் அதிகம். கைத்திறன் உள்ளவர்கள். சதுர அடிக் கணக்கில் கூலி என்பதால் வேகம் அவர்கள் வயிற்றுப்பாடு. இந்தப் பலகையைச் சாதாரண ரம்பத்தில் அறுத்தால் வெள்ளைப் புகையாக எழும் தூசியில் படிகச் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய அந்தத் துகள் நுரையீரலில் தங்கி வடுவாக்கும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறையான ஓஷா 2016இல் கொண்டுவந்த விதிப்படி, எட்டு மணி நேர வேலைச் சராசரியில் ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. கத்தரிபோல வெட்டும் இயந்திரம் இருக்கிறது, தூசியை உறிஞ்சும் ரம்பம் இருக்கிறது. இருந்தும் முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு தூசிக்குள் நின்று அறுக்கும் பையன்களை இந்த ஊர்த் தெருக்களில் இன்றும் பார்க்கலாம். பெர்னி பேன்டனின் கதைக்குப் பிறகும், அதே வம்சத்துப் பலகை இன்னொரு தூசியை இன்னொரு தலைமுறையின் நெஞ்சுக்குள் அனுப்புகிறது. நம் வீட்டு வாசலில் நடப்பதை அவர்கள் முதலாளியின் பொறுப்பு என்று தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. எப்படி அறுப்பீர்கள் என்று விலை கேட்கும்போதே கேட்கலாம். தெளிவாகப் பதில் சொல்பவர் ஃபிளாஷிங்கிலும் கவனமாக இருப்பார் என்பது நான் கண்டது.

நண்பருக்கு மூன்று விலைப்பட்டியல் வந்திருந்தன. இருப்பதிலேயே குறைவானதில் "சைடிங் மாற்றுதல்" என்று ஒரே வரி, கீழே தொகை. நடுவிலிருந்ததில் ஹவுஸ் ராப், இணைப்புகளுக்குப் பின்னால் வைக்கும் பட்டை, கிக்-அவுட் தகடு, தரையிலிருந்து விடும் இடைவெளி, வெட்டிய விளிம்புகளுக்குப் பூசும் பிரைமர், அறுக்கும் கருவி எல்லாம் தனித்தனியாக எழுதியிருந்தது. அதையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வீட்டுரிமையாளர் சங்கமான எச்.ஓ.ஏ.வுக்கு வண்ண அட்டையும் அதே கான்ட்ராக்டர் மூலம் போயிருக்கிறது. ஒன்றை மட்டும் சேர்த்து எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன்: பழைய பலகையைக் கழற்றிய அன்று வேலையை நிறுத்தி வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும், உள்ளே அழுகிய ஓ.எஸ்.பி.யை மாற்ற ஒரு தாளுக்கு இவ்வளவு என்ற விலை முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். சாப்பாட்டு அறை ஜன்னலுக்குக் கீழே இரண்டு தாளாவது வரும் என்று நினைக்கிறேன்.