ஆயிரம் ரூபாயிலும் இரட்டைக் குவளை

விடியக்காலை மூணு மணிக்கு எங்க காலனியில் அடுப்பு எரியும். சோத்தைப் பொங்கி, தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை எழுப்பாமல் கதவைச் சாத்திவிட்டுப் பொம்பளைகள் ரோட்டுக்கு வருவார்கள். ஜீப் நிற்கும். எத்தனை பேர் ஏறலாம் என்று சட்டம் சொல்வது ஒரு கணக்கு, எத்தனை பேரை அடைக்கலாம் என்று கங்காணி போடுவது வேறு கணக்கு. முந்தல் தாண்டி, போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காட்டில் இறக்கிவிடுவான். மழை, அட்டைக்கடி, மருந்து நாத்தம். காலையில் குனிந்த முதுகு பொழுது சாயத்தான் நிமிரும். எங்கம்மா இருபத்தஞ்சு வருசம் இப்படிப் போய் வந்தாள். இப்போது என் மதினி போகுது. நான் படித்த படிப்பு அந்த ஜீப்பில் வந்தது.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் தொடங்கியது. குடும்பத்தலைவிக்கு மாதம் 1000 ரூபாய், நேராக அவள் வங்கிக் கணக்கில். முதலில் 1 கோடியே 6 லட்சம் பெண்கள். 2025 டிசம்பரில் இரண்டாம் கட்டமாகச் சேர்த்தபோது 1 கோடியே 30 லட்சம் என்றார்கள். மதினி பேரு முதல் பட்டியலிலேயே இருந்தது. முதல் மாசப் பணத்தில், கணக்கில் இருப்பு இல்லை என்று வங்கியில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். எங்க கதை மட்டுமல்ல. இப்படிப் பிடிக்கக் கூடாது என்று நிதியமைச்சரே வங்கிகளை எச்சரிக்க வேண்டி வந்தது.

ஆயிரம் ரூபாய் மலையில் ரெண்டு மூணு நாள் கூலி. இதில் என்ன மாறிவிடும் என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். கேளுங்கள்.

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கும்போது எங்க தெருவுக்குக் கங்காணி வருவான். மூவாயிரமோ ஐயாயிரமோ முன்பணம் தருவான். கைநீட்டி வாங்கியவள் அது கழியும் மட்டும் வேற ஜீப்பில் ஏறக்கூடாது. காய்ச்சல் என்றாலும் போகணும். கூலியைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது. பேருதான் முன்பணம், உண்மையில் அது கழுத்துக்கயிறு. 2024 ஜூனில் மதினி அந்தப் பணத்தை வாங்கவில்லை. மாசாமாசம் மிச்சம் பிடித்ததில் நோட்டும் செருப்பும் வாங்கியது. அந்தக் காய்ப்புக் காலத்தில் ஒருநாள் மேலுக்கு முடியாமல் கிடந்தபோது, வாசலில் வந்து ஆரனடித்தவனிடம், "இன்னைக்கு நான் வரலண்ணே, வேற ஆளப் பாருங்க" என்று படுத்த இடத்திலிருந்தே சொல்லுச்சு. எங்கம்மா திகைத்துப்போய்ப் பார்த்தாள். இருபத்தஞ்சு வருசத்தில் அவள் வாயில் வராத வார்த்தை அது. எங்கண்ணன் குடிக்கக் காசு கேட்டான். "அது எம்பேருல வர்ற காசு, தொடாத" என்றது. அதையும் நான் என் காதால் கேட்டேன்.

இப்போது புரிகிறதா, ஏன் இத்தனை பேருக்கு வயிறு எரிகிறது என்று? போடி டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "ஓசிக்காசு குடுத்துக் கூலியாளுகளக் கெடுத்துட்டாய்ங்க" என்கிறான் ஒருவன். 2022இல் இந்த மாநிலத்தின் ஓர் அமைச்சரே பெண்களின் பஸ் பயணத்தை 'ஓசி' என்று மேடையில் சொன்னார். அதே ஆண்டு ஜூலையில் பிரதமர், இலவசங்களை வடநாட்டு எள்ளுமிட்டாயின் பெயரால் 'ரேவடி' என்று பழித்தார். 2019 செப்டம்பரில் அதே ஒன்றிய அரசு கம்பெனிகளின் வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்ததே, அதை யாரும் மிட்டாய் என்று சொல்லவில்லை. அதற்குப் பெயர் 'வளர்ச்சி'. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7000 ரூபாய் வரை ஏலம் போனது. பறித்த கைக்கு அதில் எவ்வளவு வந்தது என்று எந்தப் பொருளாதார மேதையும் கேட்கவில்லை. அவர்களுக்கு ஆயிரம் ரூபாய் வலிக்கவில்லை. "இன்னைக்கு நான் வரலண்ணே" என்பதுதான் வலிக்கிறது.

அதற்காக நாம் கைதட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? இல்லை. நம் கேள்வி வேறு.

2023-24 பட்ஜெட்டில் இத்திட்டத்துக்கு 7000 கோடி ஒதுக்கினார்கள். அதில் 1540 கோடியைப் பட்டியல் சாதியினருக்கான துணைத் திட்ட நிதியிலிருந்து எடுப்பதாக அந்த ஜூலையில் செய்தி வந்தது. தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம் அரசிடம் விளக்கம் கேட்டது. 'எஸ்.சி. பெண்களுக்குத்தானே போகிறது' என்று இதற்கு ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. இந்த நியாயத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ஊருக்குள் இருக்கும் அம்மாவுக்குப் பொதுப் பெட்டியிலிருந்து ஆயிரம். என் மதினிக்கு மட்டும், சேரிக்கென்று தனியாக ஒதுக்கிவைத்த உண்டியலிலிருந்து ஆயிரம். பொதுப் பெட்டியில் இவளுக்குப் பங்கு இல்லையா? டீக்கடையில் ஒளித்துவைத்த இரண்டாவது குவளையைக் கருவூலத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்!

அந்த உண்டியல் எதற்கு வந்தது? 1979-80இல் சிறப்புக் கூறுகள் திட்டம் என்று தொடங்கியபோது, நம் மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு நமக்கென்றே செலவாக வேண்டும் என்றார்கள். தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படி நாம் 20 சதவீதம். எல்லோருக்கும் பொதுவாகத் தருவதற்கு மேலே, நூற்றாண்டுப் பள்ளத்தை நிரப்ப நிலம், வீடு, விடுதி, தொழில் என்று தர வேண்டிய பணம் அது. எல்லோருக்கும் தருவதையே அதிலிருந்து எடுத்துத் தந்தால் பள்ளம் அப்படியேதான் கிடக்கும். 2024இல் இந்த நிதிக்கென்று தனிச்சட்டம் கொண்டுவந்தார்கள். நல்லது. எடுத்த பணத்தைத் திருப்பி வைப்பது எப்போது?

உரிமைத்தொகை விண்ணப்பத்தில் நிலம் எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். நஞ்சை ஐந்து ஏக்கருக்குள், புஞ்சை பத்து ஏக்கருக்குள் இருக்க வேண்டுமாம். மதினி சிரித்துவிட்டு, "தம்பி, நிக்கிற எடமே பொறம்போக்குன்னு எழுதிரவா?" என்று கேட்டது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலைமையை அறிக்கையாக எழுதினார். 1892இல் நிலம் தர ஆணை வந்தது. அப்படி வந்த பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அது இன்று யார் யார் பட்டாவில் கிடக்கிறது? அந்த நிலம் நம் கையில் இருந்திருந்தால் எங்கம்மா எதற்கு மூணு மணிக்கு எழுந்து மலை ஏறினாள்?

ஆகவே என் மக்களுக்குச் சொல்கிறேன். ஆயிரத்தை வாங்குங்கள், கூசாதீர்கள். யாருக்கும் கும்பிடு போடாதீர்கள், அதற்கு உரிமை என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். வாங்கிய கையோடு மூன்றைக் கேளுங்கள்: துணைத் திட்டப் பணத்துக்குக் கணக்கு, பஞ்சமி நிலத்துக்குப் பட்டா, ஏலக்காட்டுக் கூலிக்கு ஒரு நியாயம்.

நாளைக்கும் மூணு மணிக்கு ஜீப் வரும். மதினி ஏறத்தான் செய்யும். ஆயிரம் ரூபாய் அதை நிறுத்திவிடாது. ஆனால் ஏறுவதா வேண்டாமா என்று இனிமேல் அதுவும் ஒரு வார்த்தை சொல்லும்.